கேட்கும் கடையில் இருபத்தேழாம் எண்

ஒரு நாட்டைத் தாங்கி நிற்பவை மலைகளோ நதிகளோ படைகளோ அல்ல. காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் விழும் கையெழுத்துகள்தான். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தக் கையெழுத்தைப் பத்து இருபதுக்குப் போட்டவர்.

ஓய்வுக்குப் பிறகும் குடியிருப்பில் எல்லோரும் அவரை சூப்பிரண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவராகக் கேட்டுக்கொண்டதுதான். காவலாளியிடம் ஒருமுறை, செயலாளரிடம் இருமுறை, சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக ஒருமுறை.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். மூன்றாவது முயற்சியில் தேர்வு எழுதி, தணிக்கை அலுவலகத்தில் உதவியாளர் வேலை வாங்கியவள். அன்றைக்கு சூப்பிரண்டு நான்கு மாடிகளுக்கும் இனிப்பு கொடுத்தார்; மின்தூக்கி வேலை செய்யாத நாள் என்பதால் ஏறி இறங்கியே கொடுத்தார். வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஒழுங்காகப் போனவள், திடீரென்று ஒருநாள் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு போட்டிருப்பதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, “கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்பா” என்றாள்.

“மூச்சு விடறதுக்கு எதுக்கு லீவு? நாங்கல்லாம் ஆபீஸ்லயே விட்டோம்” என்றார் சூப்பிரண்டு.

பேச்சு முற்றியது. மகள் தோழிகளோடு ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் போன் செய்தால் முதல் இரண்டு மாதம் எடுத்தாள். எடுத்ததும் அவர் சொற்பொழிவு ஆற்றியதால் பிறகு எடுப்பதில்லை. நகரத்தின் அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடும் மாற்றுச் சந்தையில் கடை போட்டிருக்கிறாள் என்ற செய்தி மட்டும் காதுக்கு வந்தது. என்ன கடை என்று சொன்னவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. “ஏதோ கடை சார். பொருள் எதுவும் இல்ல. ஆனா கூட்டம் நிக்குது” என்றார்.

இப்போது விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது. ஆறு மாத விடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பத்து மணிக்கு மகள் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் போய்விடும். இனி எழுதித் தேர்வு பெற வயதும் கடந்துவிட்டது. சூப்பிரண்டு மீண்டும் பணியில் சேரும் படிவத்தைத் தெரிந்த ஆள் மூலம் வாங்கி, பதினாறு கட்டங்களையும் தன் கையாலேயே நிரப்பி, மகள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு, பச்சை நிறக் கோப்பில் வைத்தார். கோப்போடு ஒரு பேச்சையும் தயாரித்தார். பதினொரு கருத்துகள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நான்கு நாள் ஒத்திகை. ஐந்தாவது கருத்தில் குரல் தழுதழுக்க வேண்டும். அது மூன்றாம் நாளிலேயே சரியாக வந்துவிட்டது.

“நீயும் வா. தாய்ங்கற முறையில பக்கத்துல நின்னா போதும். பேச வேண்டாம்” என்றார் மனைவியிடம்.

“நான் எப்பவுமே அப்படித்தானே நிக்கறேன்” என்றாள் மனைவி.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். இந்த வாரம் அக்காவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாயா என்று அவர் கேட்டார். சொல்லிக்கலாம் என்றாள்.

பேருந்தில் ஏறியதும், “எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு நடத்துனரைக் கேளு” என்றார்.

“கேட்டுக்கலாம்ங்க.”

யாரையும் கேட்காமலே அவள் சரியான இடத்தில் எழுந்து நின்றாள். இறங்கியதும் இடது பக்கம் திரும்பினாள். சூப்பிரண்டு பின்னாலேயே போனார். பேச்சின் ஏழாவது கருத்தில் மூழ்கியிருந்ததால் இதில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே பழைய கிடங்குகள் இருந்த தெரு அது. ஞாயிறு மட்டும் வண்டிகளை நிறுத்தி, தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் நான்கு பேர் எண்ணெய் டின்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய விளம்பரத் துணியில் தைத்த சட்டைகள் தொங்கின; ஒன்றின் முதுகில் யாரோ ஒரு வேட்பாளரின் பாதி மூக்கு இருந்தது. இன்னொரு கட்டத்தில் துருப்பிடித்த ஆணிகளைத் துணிக்குள் சுருட்டி வைத்துச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூப்பிரண்டு தன் பணிக்காலம் முழுவதும் குழாய்களில் துருவே இல்லை என்று மறுத்து எழுதியவர். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் நிற்பதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் தலை சுற்றியது.

எல்லாம் மாற்று. மாற்றுப் பல்துலக்கி, மாற்றுக் காகிதம், மாற்றுத் தலையணை. ஒரு மாற்று நாற்காலியும் இருந்தது. அதில் உட்கார முடியாது என்பதுதான் அதன் மாற்று. அதைச் செய்தவர் பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, போன வாரம் வாங்கின சோப்பு எப்படி இருந்துச்சு?” என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். மனைவி செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

“உன்னையா கேட்கறா?”

“யாரையாவது நினைச்சுக் கேட்கறாளோ என்னவோ” என்றாள் மனைவி, செருப்பைப் பார்த்தபடியே.

மகளின் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அங்கேதான் வரிசை நீளமாக இருந்தது. கட்டத்துக்குள் ஒரு முக்காலி, எதிரே ஒரு நாற்காலி, நடுவில் ஒரு பெட்டி, பெட்டி மேல் மணல் கடிகாரம். மூன்று பக்கமும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். முக்காலியில் மகள். நாற்காலியில் யாரோ ஒரு பெரிய மீசைக்காரர், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பலகையில் எழுதியிருந்தது:

“கேட்கும் கடை. பத்து நிமிடம் நீங்கள் பேசலாம். நாங்கள் கேட்போம். பதில் கிடையாது. ஆலோசனை கிடையாது. எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.”

சூப்பிரண்டு அதை இரண்டு முறை படித்தார். தணிக்கை அலுவலகத்தில் கோடிக்கணக்கான கணக்குகளைத் துருவிப் பார்க்க வேண்டியவள், மீசைக்காரர்களின் கதையை வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பதினைந்து பேர் வரிசை. அவர் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போர்வையை நோக்கி நடந்தார்.

கையில் பச்சைப் பட்டை கட்டிய ஓர் அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். சாந்தமான முகம்; நகராத கால்.

“டோக்கன் வாங்கிக்கங்க ஐயா.”

“நான் அவளோட அப்பா.”

“சந்தோஷம். டோக்கன் வாங்கிக்கங்க.”

“அம்மா, நான் பெத்த பொண்ணு அது.”

“புரியுதுங்க. பெத்தவங்களுக்குத் தனி வரிசை வைக்கலீங்க. போன மாசம் ஒருத்தர் மாமனார்னு சொன்னார். அப்படி ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வரிசை போட்டா இந்தத் தெரு பத்தாது.”

“நான் குடிநீர் வாரியத்துல சூப்பிரண்டா இருந்தவன்.”

“எங்க தெருவுக்கு இன்னும் தண்ணி வரலீங்க” என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

சூப்பிரண்டு கையை நீட்டினார். இதே வாசகங்களை இதே நிதானத்தோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. கையில் இருபத்தேழு என்று எழுதிய ஓர் அட்டைத் துண்டு வந்து சேர்ந்தது. உள்ளே நடப்பது பதினொன்று.

மனதுக்குள் கணக்குப் போட்டார். இன்னும் பதினைந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். சந்தை ஐந்து மணிக்கு மூடிவிடும். இப்போது மணி இரண்டு. ஒருவர் கூடுதலாகத் தும்மினாலும் நாளை பத்து மணிக் கையெழுத்து போச்சு.

“அவசரம்மா. உத்தியோக விஷயம். நாளைக்கு விட்டா ஒண்ணுமில்லாம போயிடும். ஏதாவது பண்ணுங்க” என்றார். அவர் குரல் அவருக்கே பழக்கமில்லாமல் ஒலித்தது. அவர் மேஜை முன்னால் மற்றவர்கள் பேசிய குரல் அது.

பச்சைப் பட்டை அம்மாள் உருகிவிட்டாள். “அவசரம்னா வட்டத்துலதான் வைக்கணும். நான் தனியா முடிவு எடுக்கக்கூடாது. இங்க யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்ல” என்றாள்.

சொன்னபடியே வட்டத்தைக் கூட்டினாள். துருச் சாயக்காரர், சோப்புக்காரி, டின் தட்டுபவர்களில் ஒருவர், மாற்று நாற்காலிக்காரர், இவள் என ஐந்து பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும்; இல்லை என்றால் கைகளைக் குறுக்கே கட்ட வேண்டும். ஒருவர் கட்டினாலும் முடிவில்லை.

முதலில் ‘அவசரம்’ என்றால் என்ன என்று பேசினார்கள். பிறகு, அவசரம் என்பதே இந்தச் சந்தையின் நோக்கத்துக்கு எதிரானதா என்று பேசினார்கள். டின் தட்டுபவர் அப்பாக்களைப் பற்றித் தன் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னார். அது கொஞ்சம் நீண்டது. சோப்புக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலிக்காரர், “வேலைங்கறது என்ன? நாம அதை ஏன் வேலைன்னு சொல்றோம்?” என்று கேட்டார்.  கடைசியில், அவசர விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மூன்று பேர் கொண்ட துணைக் குழு அமைப்பது என்று பத்துக் கைகளும் மேலே எழுந்து ஆடின. துணைக் குழு அடுத்த ஞாயிறு கூடும்.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சூப்பிரண்டு அசந்துபோய் நின்றார். வாரியத்தில்கூட, மேலிடத்து உத்தரவு இருந்தால்தான் ஒரு காகிதத்தை இவ்வளவு அழகாக நிறுத்திவைக்க முடியும். இவர்கள் மேலிடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

“என்ன சார், வட்டத்துல போட்டுட்டாங்களா?” என்று பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. குடை பழுது பார்ப்பவர். கம்பிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசினார். “என் கடைக்குத் தார்ப்பாய் போட அனுமதி கேட்டேன். எட்டு மாசமா வட்டம் சுத்துது. மழை வந்தா குடை ரிப்பேர்காரன் நனையறான், பார்த்துக்குங்க.”

“உள்ள இருக்கறது என் பொண்ணு.”

குடைக்காரர் கம்பியை வாயிலிருந்து எடுத்தார். “அப்படியா! அப்போ அந்த அம்மா உங்க வீட்டுக்காரம்மாவா?”

“எந்த அம்மா?”

குடைக்காரர் கம்பியால் காட்டினார். போர்வைக்கு நடுவே இருந்த இடைவெளியில், மகளுக்கு எதிரே நாற்காலியில் சூப்பிரண்டின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

எப்போது போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தாய் என்ற முறையில் பக்கத்தில் நிற்க வேண்டியவள், அவருக்கு முன்னால் டோக்கன் வாங்கியிருக்கிறாள். வாங்கக்கூட இல்லை; பதினாறாம் எண் அவளுக்கென்றே வாரா வாரம் எடுத்து வைக்கப்படுகிறது என்றார் குடைக்காரர்.

“வழக்கமா வர்ற அம்மா ஆச்சே. முதல் நாள் வந்தப்ப ஒண்ணும் பேசலியாம். பத்து நிமிஷமும் ஒரே அழுகை. இப்போ பாருங்க, மணல் முடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டாங்க. பச்சைப் பட்டை அக்காவே வந்து தட்டிவிடணும்.”

சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். மனைவி பேசிக்கொண்டிருந்தாள். கையை நீட்டி எதையோ அளந்து காட்டினாள். யாரையோ போல நடித்துக் காட்டினாள். முதுகை நிமிர்த்தி, வயிற்றைத் தள்ளி, கட்டைவிரலை மேலே தூக்கி. அந்தக் கட்டைவிரல் அவருக்குத் தெரிந்த கட்டைவிரலாக இருந்தது. மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்தப் பெண்பிள்ளை சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசி அவர் கேட்டதில்லை. பேசுகிற வழக்கமே இல்லாதவள் என்றுதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தார்.

அவள் வெளியே வந்ததும் சூப்பிரண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “அக்கா வீடு இதுதானா?”

“அக்கா வீட்லயும் இப்படித்தாங்க, ரொம்பக் கூட்டம்” என்றாள் மனைவி.

“நாளைக்கு சேரணும்னு சொன்னியா? கையெழுத்தைப் பத்தி?”

“பேச வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவள் சோப்புக்காரியைப் பார்க்கப் போய்விட்டாள். சூப்பிரண்டு வரிசையில் நின்றார். கால் கடுத்தது. வெயில் நகர்ந்து அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டது. இருபத்தோராம் எண் ஒரு கல்லூரி மாணவி. அழுதுகொண்டே போய், அழுதுகொண்டே வந்தாள். இருபத்து மூன்றாம் எண் ஒரு பெரியவர். உள்ளே போய்ப் பத்து நிமிடமும் தூங்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார். குட்டி போட்ட பூனை மாதிரி சூப்பிரண்டு முன்னும் பின்னும் நடந்தார். பதினொரு கருத்துகளில் நான்காவது மறந்துபோயிருந்தது.

நான்கே முக்காலுக்கு இருபத்தேழு என்று கூப்பிட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அவரைப் பார்த்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவு அவருக்குப் பிடிக்கவில்லை. கோப்பைத் திறக்கப் போனார். பச்சைப் பட்டை அம்மாள் போர்வைக்கு வெளியிலிருந்து, “கொடுக்கல் வாங்கல் இல்லீங்க” என்றாள். கோப்பை மூடிக்கொண்டார். மகள் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

“பாப்பா,” என்று தொடங்கினார், “ஒரு மனுஷனுக்கு உத்தியோகம்ங்கறது என்ன?”

வீட்டில் இந்த இடத்தில் மகள், “ஆரம்பிச்சுட்டீங்களா?” என்பாள். அதற்குப் பதிலாகத்தான் இரண்டாவது கருத்து வரும்.  இங்கே அவள் கண்ணை அகற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சூப்பிரண்டு கொஞ்சம் காத்திருந்து, இரண்டாவது கருத்துக்குத் தானே போனார். மூன்று, ஐந்து. குரல் தழுதழுத்தது, அதையும் கேட்டுக்கொண்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

பேச்சு முடிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மணலில் கால்வாசிகூட இறங்கவில்லை.

அவருக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. வீட்டில் இதே பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடும். அதில் ஒன்றே கால் மணி நேரம் மகளின் குறுக்குப் பேச்சுகளும் அவற்றுக்கு அவர் கொடுத்த சாட்டையடிகளும்தான் என்பதை அவர் இதுவரை கவனித்ததில்லை.

“என்ன சொல்றே?” என்றார்.

மகள் பலகையைப் பார்த்தாள். பதில் கிடையாது.

“நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்” என்றார். “அங்க யாரும் யாரையும் மனுஷனா மதிக்கறதில்லம்பே. அதுக்கு நான் சொல்றேன்...” நிறுத்தினார். அதற்குச் சொல்ல அவரிடம் ஒன்று இருந்தது. இப்போது பார்த்தால் இல்லை. “சரி, அதை விடு. நாலு வருஷமா யார் பேச்சையும் யாரும் கேட்காத இடத்துல உக்காந்திருந்தேன்பே. தப்பைக் கண்டுபிடிச்சு எழுதினா, எழுதினதை அடுத்த மேஜைக்காரன் பூட்டி வைக்கறான்பே. அது... அது எல்லா ஆபீஸ்லயும் உண்டுதான். நானே வெச்சிருக்கேன். இங்க வந்தவங்க ஏதோ லேசாகிப் போறாங்கம்பே. போறாங்கதான், பார்த்தேன். அந்த மீசைக்காரர்...”

மகளின் பக்கத்தை அவர் அவளைவிட நன்றாகவே வாதாடிக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் இன்னும் பாதி இருந்தது. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை இவ்வளவு நேரம், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள், தலையாட்டியிருக்கிறார்கள், கொட்டாவி விட்டிருக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.  

“நானும் ஒரு தடவை ராஜினாமா குடுத்தேன்” என்றார்.

இது பதினொரு கருத்துகளில் இல்லை.

மகளின் புருவம் மேலே போனது. கேள்வி கேட்க வாயைத் திறந்து, விதி நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டாள்.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு குழாய் விவகாரம். தண்ணில துரு இருக்குன்னு நான் எழுதினேன். இல்லைன்னு மாத்தி எழுதச் சொன்னாங்க. மானமுள்ளவன்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி உக்காந்து ஒரு பக்கம் எழுதினேன். நல்லா வந்திருந்தது. ‘என் மனசாட்சி இடம் தரவில்லை’ன்னு ஒரு வரி. காலையில அதைக் கொண்டுபோய் மேலாளர் மேஜையில இருந்த தட்டுல வெச்சுட்டு, யாரையும் பார்க்காம வெளியில வந்துட்டேன். அன்னிக்குப் பூராவும் பூங்காவுல உக்காந்திருந்தேன் பாப்பா. ஒரு பெஞ்சுல. காலு தரையில இல்ல. அவ்வளவு லேசா...” கோப்பின் ஓரத்தைத் தடவினார். “ஆபீஸே கலங்கிப்போயிருக்கும், ஆள் விட்டுத் தேடுவாங்கன்னு நினைச்சேன். சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். யாரும் வரல. மறுநாள் காலையில என்னதான் ஆச்சுன்னு பார்த்துட்டு வரலாம்னு போனேன். போனா...”

மணல் முடிந்தது.

“கேட்டேன்” என்றாள் மகள். அந்தக் கடையில் அவள் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே சொல் அது.

“இரு, இன்னும் முடியல...”

“நேரம் ஆச்சுங்க ஐயா” என்றாள் பச்சைப் பட்டை அம்மாள். “வேணும்னா அடுத்த வாரம் டோக்கன் போட்டுக்கலாம்.”

வெளியே வந்து குடைக்காரரின் கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். கையெழுத்து வாங்க வந்தவர், கையெழுத்தைப் பற்றிக் கடைசி ஆறு நிமிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஐந்து மணிக்கு யாரோ ஒரு தட்டைத் தட்டினார்கள். போர்வைகளை மடித்தார்கள், கட்டங்களைத் தண்ணீர் தெளித்து அழித்தார்கள். மகள் முக்காலியை இடுக்கிக்கொண்டு வந்தாள். சோப்புக் கடையிலிருந்து மனைவியும் வந்துசேர்ந்தாள். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த மகள், மடையைத் திறந்துவிட்டாற்போல் பேசினாள்.

“அப்பா, சாப்பிட்டீங்களா? ஏன் இப்படிக் கறுத்துட்டீங்க? தொப்பி போட்டுக்கக் கூடாதா? போனா என்ன ஆச்சு?”

“முதல்ல இது” என்றார் சூப்பிரண்டு. இனி விதி எதுவும் இல்லை. கோப்பைத் திறந்து படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். “பாப்பா, பேச்செல்லாம் விடு. நான் கெஞ்சிக் கேட்கறேன்னு வெச்சுக்கோ. நாளைக்கு பத்து மணி. அந்தப் பெருக்கல் குறி மேல ஒரு கையெழுத்து.”

அவர் யாரையும் கெஞ்சியதில்லை. மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

மகள் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். நான்கு வருடப் பழக்கம். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். “ஆறாவது கட்டத்துல தேதி தப்புப்பா” என்றாள். பிறகு, மிகவும் மெதுவாக, “இது விடுப்பு முடிஞ்சு திரும்பி வர்றவங்களுக்கான படிவம். நான் விடுப்புல இல்லப்பா” என்றாள்.

“பின்ன?”

தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அலுவலக முத்திரை, எண், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு குறை சொல்ல முடியாது. அவளது ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டு, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தாள். தேதி மூன்றரை மாதத்துக்கு முந்தையது.

சூப்பிரண்டு அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நாளைக்கு பத்து மணி என்று ஒன்று மூன்றரை மாதமாகவே இல்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றார் மனைவியிடம்.

“பதினாலு வாரமா தெரியும்ங்க.”

“சொல்றதுக்கென்ன?”

“உங்ககிட்ட சொல்லணும்னா நீங்க நிறுத்தணும்ல.”

குடைக்காரர் சிரிப்பை அடக்க ஒரு கம்பியை வாயில் வைத்துக்கொண்டார். சூப்பிரண்டு பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இன்னொரு தடவை மூடினார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கான வாசகங்களும் கைவசம் இருந்தன. ஆனால் யார்மேல், எதற்காக, எதை மாற்ற என்று யோசிப்பதற்குள் அது வடிந்துவிட்டது.

“உடனே ஏத்துக்கிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“நாலே நாள்ப்பா. கூப்பிட்டு உக்காரவெச்சுப் பேசினாங்க. ரெண்டு தடவை யோசிக்கச் சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் நின்னு வழியனுப்பினாங்க.” மகள் முக்காலியைக் கீழே வைத்தாள். “நீங்க சொல்லுங்க. மறுநாள் காலையில போனீங்க. போனா?”

“என்னது, மறுநாள்? எங்க போனார்?” என்றாள் மனைவி.

“அப்பாவும் ஒரு தடவை ராஜினாமா குடுத்தாராம்மா.”

“இவரா?”

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். குடைக்காரரும் பார்த்தார். பச்சைப் பட்டை அம்மாள்கூடப் போர்வையை மடிப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். மேலாளர் கையைப் பிடித்துக் கெஞ்சினார் என்று சொல்லலாம். அலுவலகமே வாசல்வரை ஓடிவந்தது என்று சொல்லலாம். இருபத்தொன்பது வருடங்களில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று அப்படி இரண்டு மூன்று வகை அவர் வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை. கேட்கும்போது அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“மேலாளர் மேல ரெண்டு வரி மட்டும்தான் படிச்சிருந்தார்” என்றார் சூப்பிரண்டு. “ஓரத்துல, ஒரு நாள் தற்செயல் விடுப்பு அனுமதிக்கப்படுகிறதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.”

அந்த மறுநாள் காலையில் அவர் பத்து இருபதுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.